ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது: வேலையையும் வயலையும் ஒரே தாளில் எடைபோடும் முறை

ரிசார்ட், வீட்டுமனை, கல்குவாரி, நாலுவழிச்சாலை, துறைமுகம் என்று குமரி மாவட்டத்தில் எது வந்தாலும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?" என்று ஒரு பக்கம் கேட்கிறது. "ஊர் ஊராக இருக்க வேண்டாமா?" என்று மறுபக்கம் கேட்கிறது. இரண்டு கேள்வியும் நியாயமானவை. படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டே இருக்கும் மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பிலேயே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் இருந்தார்கள். இங்கே தவறாகக் கொடுத்த ஒரு ஏக்கருக்கு மாற்று ஏக்கர் கிடைக்காது.

வேலைக்கு எண் உண்டு, ஊரின் குணத்துக்கு எண் இல்லை. கூட்டத்தில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எண் உள்ளது ஜெயிக்கும், இல்லாவிட்டால் சத்தம் போட்டவர் ஜெயிப்பார். ஊரின் குணத்தையும் அளக்கக்கூடிய பொருள்களாக எழுதி, வருமானக் கணக்குக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் கீழே உள்ள முறை. ஊர்க்குழு, பங்குப்பேரவை, பாசன சங்கம், இளைஞர் மன்றம் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆறேழு பேரும் ஆறு வாரமும் போதும்.

குணத்தைப் பொருளாக எழுதுங்கள்

'பாரம்பரியம்', 'பசுமை', 'அமைதி' ஆகிய சொற்களை முதல் நாளே தாளிலிருந்து அடித்துவிடுங்கள். திட்டக்காரரும் இதே சொற்களைத்தான் விளம்பரத்தில் போடுவார். அவற்றுக்குப் பதிலாக, கையை நீட்டிக் காட்டக்கூடிய பதினைந்து, இருபது பொருள்களை எழுதுங்கள்.

கடற்கரை ஊரென்றால்: கரைமடி (கரையிலிருந்தே இழுக்கும் பெரிய வலை) இழுக்கும் கரை எத்தனை மீட்டர், வள்ளம் ஏற்றும் இடம் எது, வலை காயும் திடல் எது, தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் சந்து எத்தனை. நாஞ்சில் நாட்டு ஊரென்றால்: எந்தக் கால்வாய், எந்த மடை, எந்தப் பத்து (வயல்வெளி), கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமுமே நடக்கிறதா, குளத்து மறுகால் (நிரம்பி வழியும் நீர்) எந்த ஓடையில் விழுகிறது. மலையடி ஊரென்றால்: குன்று, ஊற்று, ரப்பர் பால்வெட்டை நம்பி இருக்கும் குடும்பங்கள், காட்டு விலங்கு இறங்கும் வழி. தோவாளை பக்கமென்றால் பூ கட்டும் திண்ணையும் விடிவதற்கு முன் கூடும் சந்தையும்கூட இந்தப் பட்டியலில் வரும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம் வேண்டும்: சர்வே எண், எத்தனை குடும்பம் பயன்படுத்துகிறது, எந்தெந்த மாதம். மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கரைமடி வருடம் முழுவதும் இழுப்பதில்லை. வயலும் அறுப்பு முடிந்தபின் கட்டாந்தரையாகத்தான் கிடக்கும். அந்த நேரத்தில் ஆய்வுக்கு வருகிறவர் 'காலியிடம்' என்று எழுதிக்கொண்டு போவார். மாதம் எழுதிய உங்கள் தாள்தான் அதற்கு மறுப்பு. தேதி தெரியும்படி புகைப்படமும் சேர்த்துவையுங்கள்.

காகிதங்கள்

அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேடு, சிட்டா, புல வரைபடம் எல்லாம் பார்க்கலாம். திட்ட இடத்தின் சர்வே எண்ணோடு நிறுத்தாமல் நாலு எல்லையிலும் உள்ள எண்களையும் எடுங்கள். ஓடைப் புறம்போக்கும் பாதைப் புறம்போக்கும் பெரும்பாலும் பக்கத்து எண்ணில்தான் இருக்கும். இந்த மாவட்டத்துப் பழைய பத்திரங்களில் மறுநிலஅளவைக்கு முந்தைய எண் இருக்கும். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் மனு கொடுத்தால், 'குறிப்பிட்ட எண்ணில் அப்படி ஓடை இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமென்றால் ஆவணங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் அனுமதி கொடுத்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'இந்தக் கோப்பில் உள்ள இந்தக் கடிதத்தின் நகல்' என்று கேளுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை இடம்தான் முடிவு செய்யும். தோவாளை, கல்குளம், விளவங்கோடு பகுதியில் பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகின்றன. சிதறால், வட்டக்கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் அந்த விதியை அங்கே அப்படியே நீட்டிப் பேசக் கூடாது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் கரையோரத் திட்டங்களுக்கு ஈரநில விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போனால் திரும்புமா?

எழுதிய பொருள்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ரூபாய்க் கணக்குக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

போனால் திரும்பாதவை முதல் குவியல்: வெட்டிய குன்று, தூர்த்த குளம், உப்பேறிய நிலத்தடி நீர், சுவர் எழுப்பி அடைத்த கடற்கரை. பணமும் வருடமும் செலவழித்தால் திரும்பக்கூடியவை இரண்டாவது: மரம், பாதை, தோப்பு. எப்போதும் மாறிக்கொண்டே வந்தவை மூன்றாவது: கடைத்தெரு, கூரை, பயிர். ரப்பர் இந்த மலைக்கு வந்து ஒன்றேகால் நூற்றாண்டுதான் ஆகியிருக்கும். இன்று அது இல்லாத குலசேகரத்தை நினைத்துப் பார்க்க முடியாது. பழையதெல்லாம் குணம் என்று பிடித்துக்கொண்டால் முதல் குவியலுக்காகப் பேசும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. மூன்றாவது குவியலைத் தாராளமாக விட்டுக்கொடுங்கள். முதல் குவியலில் உள்ளதைத் தராசிலேயே ஏற்றாதீர்கள். திட்டம் அதைத் தொடாமல் வடிவத்தை மாற்ற முடியுமா என்பது மட்டுமே அங்கே கேள்வி.

வயலைப் பொறுத்தவரை குவியல்களுக்கு இடையே ஒரு வழுக்குப்பாதை இருக்கிறது. நெல் வயல் வாழையாகும், வாழை தென்னையாகும், தென்னை மனையாகும். வாழை போட்ட வயலில் பாத்தியை நிரத்தினால் மறுபடி நெல் நடலாம். தென்னைக்கு மண் ஏற்றியபின் அது கடினம். மனையானபின் முடிந்தது. அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) பல வருடமாக நெல் பதிவாகவில்லை என்பதே மனையாக்கக் கேட்கிறவருக்குச் சான்றாகிவிடுவதால், இரண்டாவது படியிலேயே கவனிக்க வேண்டும். கேரளத்தில் 2008 முதல் நெல்வயல் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. காவிரி டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்து பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்த நம் வயல்களுக்கு இரண்டும் பொருந்தாது. இங்கே நஞ்சையை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி கேட்கும்போது வேளாண் துறையின் கருத்து கேட்கப்படும். அந்தக் கட்டத்தில் உங்கள் தாள் வேளாண் இணை இயக்குநரின் மேசையில் இருக்க வேண்டும்.

ஒரு ஏக்கர் பத்தை அளந்து பார்த்தால்

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட், 43,560 சதுர அடி. வரப்புக்குள் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு லாரி. வயலைத் தூர்த்தால் அந்த மழைநீர் மறைந்துவிடாது. பக்கத்துத் தாழ்வான விளைக்கோ (தோட்டத்துக்கோ) வீட்டுக்கோ போகும். 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று தெருவாரியாகக் கேட்டு, சாலை மட்டத்திலிருந்து டேப் வைத்து அளந்து எழுதுங்கள். வெள்ளக் கணக்கில் இதைவிடத் தெளிவான சான்று உங்களுக்குக் கிடைக்காது.

இனி தூர்க்கும் மண். சாலை மட்டத்துக்கு 4 அடி உயர்த்த வேண்டுமென்றால் 1,74,240 கன அடி, அதாவது 1,742 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). 4 யூனிட் டிப்பரில் 436 லோடு. மண் இறுகும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். அந்த மண் ஏதோ ஒரு குன்றிலிருந்து வந்தாக வேண்டும். 'இரண்டு ஏக்கர் வயல்தானே' என்று பேச்சு வரும்போது, 870 டிப்பர் எந்தக் குன்றிலிருந்து, எந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாக, எத்தனை நாள் ஓடும் என்று கேளுங்கள். வயலையும் குன்றையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்கும் வரை இரண்டையும் காப்பாற்ற முடியாது.

கடலோரம்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கணக்குக்காக 40 அறை விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண விடுதிக்குக் கட்டிடத் தர விதிகள் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று கொள்கின்றன. 80 படுக்கைக்கு 14,400 லிட்டர். வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் இது 106 பேரின் தண்ணீர். இதில் எண்பது சதவீதம் கழிவுநீராக வெளியே வரும், அதாவது தினமும் 11,500 லிட்டர். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் வேலைவாய்ப்புப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறும். இதனால்தான் ஒருவர் ஆழ்குழாய் போட்டு இறைத்தால் பக்கத்துத் தெருக் கிணறும் கரிக்கத் தொடங்கலாம்.

எனவே திட்டம் வருவதற்கு முன்னாலேயே அளந்து வைக்க வேண்டும். கடலிலிருந்து வெவ்வேறு தூரத்தில் ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். காலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன், கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை கல் கட்டிய கயிற்றை இறக்கி அளங்கள். விளிம்பில் ஒரே இடத்தில் பெயிண்ட் குறி வைத்து ஒவ்வொரு தடவையும் அங்கிருந்தே இறக்குங்கள், இல்லாவிட்டால் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் பிசகும். பிறகு மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) மீட்டரை வையுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தரம். வருடத்துக்கு இரண்டு தடவை, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் மே கடைசியிலும் வடகிழக்குப் பருவமழையின்போது நவம்பர் கடைசியிலும் அளந்தால் போதும். கிணற்றுக்காரரின் கையெழுத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். திட்டம் வந்தபின் தொடங்கும் அளவுக்கு மதிப்பு குறைவு, 'முன்பே உப்புதான்' என்று சொல்லிவிடுவார்கள்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் நுணுக்கமாகப் பாருங்கள். 2011 அறிவிக்கையில் கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் மேல் எல்லையிலிருந்து) 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள நெருக்கமான ஊர்களில் அதை 50 மீட்டராகக் குறைக்கிறது. அதற்கு மாநிலத்தின் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். எந்த வரைபடத்தின்படி அனுமதி என்று கேட்டு வாங்குங்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கடும் விதி மீனவரின் சொந்த வீட்டு விரிவாக்கத்தையும் தடுக்கும். 'கரையில் எதுவுமே கட்டக் கூடாது' என்று தீர்மானம் போட்டால் முதலில் மாட்டுவது உங்கள் ஊர்க்காரரே. 'மீனவர் குடியிருப்புக்கும் தொழிலுக்கும் தவிர' என்று எழுதுங்கள்.

வேலைக் கணக்கு

'200 பேருக்கு வேலை' என்பதை அப்படியே தாளில் ஏற்றாதீர்கள். பதவிப் பட்டியல் கேளுங்கள்: எந்தப் பதவி, எத்தனை பேர், என்ன சம்பளம், கட்டும் காலத்து வேலையா நிரந்தரமா, ஒப்பந்தக்காரர் வழியாகவா நேரடியாகவா. கட்டும் காலத்து வேலையைத் தனிப் பத்தியில் போட்டுவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. நிரந்தர வேலை 40, அதில் ஊராருக்கு 25, மாதம் 15,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 45 லட்சம். மறுபக்கம் அந்தக் கரையை ஐந்து மாதம் நம்பியிருக்கும் 60 குடும்பம், மாதம் 8,000 ரூபாய் என்றால் 24 லட்சம். மொத்தம் மட்டும் பார்த்தால் திட்டம் ஜெயிக்கிறது. ஆனால் பெறுவது 25 வீடு, இழப்பது 60 வீடு, அவை வேறு வேறு வீடுகள். அதனால் எந்தத் தொகைக்குப் பக்கத்திலும் 'எத்தனை வீடு, எந்தத் தெரு' என்று எழுதாமல் விடக் கூடாது. இழக்கும் அறுபது வீட்டுக்கு வழி சொல்லாத திட்டம், லாபக் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சண்டையில்தான் முடியும்.

பெறுவது, இழப்பது என்ற இரண்டுக்கும் பக்கத்தில் தாளில் எப்போதும் மூன்றாவது பத்தி ஒன்று இருக்க வேண்டும்: இந்த இடத்தின் குணத்தையே முதலாக வைத்து என்ன வேலை உண்டாக்கலாம்? கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தரம் பிரித்தல், பொதி கட்டல், சிப்ஸ், உலர்பழம் என்று அதைச் சுற்றி வேலை வளர இடம் இருக்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் தங்கும் அறைகள், தேரூர் குளத்தில் பறவை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டுதல் ஆகியவையும் இதில் வரும். இவற்றையும் அதே கண்டிப்போடு கணக்கிடுங்கள். ஆறு வேலைதான் வரும் என்றால் ஆறு என்றே எழுதுங்கள்.

சபையில் வைப்பது

கிராம ஊராட்சியில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராம சபை கூடும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் குறைவெண் (கோரம்) நிறையும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுகிறதா என்று கவனியுங்கள், எண்ணிக்கை குறைந்தால் தீர்மானம் செல்லாது என்பார்கள். பொருளை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இந்த மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், அங்கே கிராம சபை கிடையாது. மன்ற உறுப்பினர் வழியாகவும் பகுதி சபை வழியாகவும்தான் போக வேண்டும்.

சபைத் தீர்மானம் தானாக ஒரு திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் பின்னால் ஆட்சியரிடமோ தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலோ போகும்போது, ஊர் எப்போது என்ன சொன்னது என்பதற்கு அதுவே ஆவணம்.

பெரிய திட்டங்களுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக்கேட்பு உண்டு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும், நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். வாசித்துக்காட்டும் வரை கலையாதீர்கள். 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் கட்டிடத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை, ஆனால் கட்டிடங்களுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. ரிசார்ட், அடுக்குமாடி விஷயத்தில் உள்ளாட்சியே உங்கள் மேடை.

எங்கே தவறுகிறது

ஒரே திட்டத்தை மூன்று பெயரில் உடைத்து, ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே இருக்கும்படி காட்டுவது வழக்கமான வழி. வில்லங்கச் சான்றில் வாங்கியவர் பெயர்களையும் தேதிகளையும் வரிசையாக வைத்தால் வெளிப்படும். குவாரிக்கு 500 மீட்டருக்குள் உள்ள குத்தகைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற விதி உண்டு, அந்த வட்டத்தைப் புல வரைபடத்தில் போட்டுக்காட்டுங்கள்.

அடுத்த தவறு நம்முடையது. நம் ஊரில் வேண்டாம் என்பதோடு நின்றுவிடுவது. 2016-ல் இனயத்தில் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வலுத்தபின் இடம் கிழக்கே கோவளம்–கீழமணக்குடி பக்கம் நகர்ந்தது, அங்கேயும் போராட்டம் வந்தது. மாறியது இடம் மட்டும்தான், கேள்விகள் அதேதான். எடைத்தாளைப் பக்கத்து ஊருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

மூன்றாவது, அளக்க முடியாத நிபந்தனை. 'சுற்றுச்சூழல் பாதிக்காத வகையில்' என்று எழுதி ஒப்புக்கொண்டால் அது காற்றில் போகும். 'மறுகால் ஓடை 3 மீட்டர் அகலம் குறையாமல்', 'கடலுக்கு இறங்கும் இரண்டு சந்தும் இரவு பகல் திறந்து', 'பள்ளி தொடங்கும், விடும் நேரத்தில் ஒரு மணி நேரம் டிப்பர் ஓடாமல்' என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் யார், எப்போது பார்ப்பது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க வேண்டுமென்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்கப்படும், அதற்கு மேல் இல்லை. அனுமதி பெற்ற திட்டம் வருடந்தோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அதன் நகலை எடுத்து, மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் எழுதிய கிணற்று நோட்டோடு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள்.